17(ஆ) விசாரணையில் நீங்களே வாதாடும்போது: குறிப்பாணை முதல் குறுக்கு விசாரணை வரை

குற்றச்சாட்டுக் குறிப்பாணை (உங்கள் மேல் உள்ள குற்றச்சாட்டுகளைச் சொல்லி விளக்கம் கேட்கும் அலுவலக ஆணை) கைக்கு வந்த இரவில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். உட்கார்ந்து நான்கு பக்கத்துக்குத் தங்கள் நேர்மையைப் பற்றி எழுதுவார்கள். அந்த நான்கு பக்கத்தால் பயன் அடைந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கும் மேல்முறையீடும்) விதிகளின் விதி 17(ஆ), அலுவலகப் பேச்சில் 'பதினேழு பி', அரசு ஊழியருக்குப் பணிநீக்கம் போன்ற பெரிய தண்டனைகள் தருவதற்கான வழி. சென்னையில் நான் பணியாற்றிய ஆண்டுகளில் எனக்கே ஒரு விசாரணை நடந்தது. அதற்குப் பிறகு இளையவர்கள் பலர் தங்கள் குறிப்பாணையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுந்தார்கள். பொதுவாக வழக்கறிஞரை அனுமதிக்க மாட்டார்கள் என்பதால் பேச வேண்டியது நீங்கள்தான். அம்பத்தூரிலோ கிண்டியிலோ தனியார் தொழிற்சாலையில் உள்விசாரணையைச் சந்திப்பவருக்கு விதி எண்கள் வேறு. படிகளின் வரிசை பெரும்பாலும் இதுவே.

1. குறிப்பாணை கைக்கு வந்ததும்

பெற்றுக்கொண்ட தேதியை உங்கள் கையெழுத்தின் கீழேயே எழுதுங்கள். விளக்கம் தருவதற்கான நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். பின்னால் 'முன்பே கொடுத்துவிட்டோம்' என்ற பேச்சு வந்தால் அந்த ஒரு வரிதான் துணை.

அடுத்து இணைப்புகளை எண்ணுங்கள். குற்றச்சாட்டுகள், அவற்றுக்கு அடிப்படையான விவரம், ஆவணங்களின் பட்டியல், சாட்சிகளின் பட்டியல் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். குற்றச்சாட்டில் நாள், இடம், செயல் மூன்றும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 'பணியில் அலட்சியமாக இருந்தார்' என்று மட்டும் இருந்தால், எந்த நாளில், எந்தக் கோப்பில் என்று விவரம் கேட்டு எழுதுங்கள். எதற்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லும் பதில், இல்லாத குற்றத்தையும் நாமே சேர்த்துக்கொடுப்பதில் முடியும்.

தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவர்கள் பிழைப்பூதியம் (அந்தக் காலத்தில் பிழைப்புக்குத் தரப்படும் தொகை) வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். அது தரப்படாததால் விசாரணைக்கு வர இயலாமல் போன ஊழியருக்கு எதிராக அவர் இல்லாமலே நடந்த விசாரணையை, கேப்டன் பால் ஆன்டனி வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

2. விளக்கத்தில் வாய்மொழி விசாரணையைக் கேளுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட இந்தப் படியில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். 17(ஆ)வின்படி எழுத்து விளக்கம் தரும்போதே வாய்மொழி விசாரணை (சாட்சிகளை நேரில் அழைத்துக் கேட்கும் விசாரணை) வேண்டுமா, நேரில் கேட்கப்பட விரும்புகிறீர்களா என்பதையும் நீங்கள் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டால் விசாரணை நடத்தியாக வேண்டும். கேட்காவிட்டால், தண்டிக்கும் அதிகாரியாகப் பார்த்து உத்தரவிட்டால்தான் உண்டு.

'விசாரணை கேட்டால் மேலிடத்துக்குக் கோபம் வரும், பணிவாக எழுதினால் விட்டுவிடுவார்கள்' என்று யாராவது காதில் ஓதுவார்கள். அதை நம்பி 'எனது விளக்கத்தைக் கனிவுடன் ஏற்று மேல்நடவடிக்கையைக் கைவிடக் கோருகிறேன்' என்று முடித்துவிடுவார்கள். சாட்சியை ஒரு கேள்வி கேட்கும் உரிமை அந்த வரியோடு போய்விடுகிறது.

எனவே விளக்கத்தின் கடைசிப் பத்தியில் இப்படி எழுதுங்கள்: 'குற்றச்சாட்டுகளை மறுக்கிறேன். வாய்மொழி விசாரணை நடத்தவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், என் தரப்பு சாட்சிகளை விசாரிக்கவும், என்னை நேரில் கேட்கவும் வேண்டுகிறேன்.'

விளக்கத்தின் மற்ற பகுதி சுருக்கமாக இருக்கட்டும். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் மறுப்பும் ஒரு வரிக் காரணமும் போதும். உங்கள் முழு வாதத்தையும் இப்போதே கொட்டினால், சாட்சிகள் அதைப் படித்துவிட்டு ஓட்டைகளை அடைத்துக்கொண்டு வருவார்கள்.

3. ஆவணங்கள் முதலில், கேள்விகள் பிறகு

கேள்விகளை எழுதத் தொடங்கும் முன் ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆவணம் பார்க்காமல் எழுதும் கேள்விகள் ஊகத்தில் எழும். பதில் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியாது.

இரண்டு வகை ஆவணங்களைக் கேளுங்கள். ஒன்று, அவர்கள் பட்டியலில் உள்ளவை. மற்றொன்று, பட்டியலில் இல்லாமல் உங்களுக்குத் தேவைப்படுபவை: தன்பதிவேடு (உங்களிடம் வந்த தாள்களையும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையையும் நீங்கள் பதியும் ஏடு), வருகைப் பதிவேடு, அனுப்புகைப் பதிவேடு, அன்றைய பணிப்பங்கீட்டு ஆணை போன்றவை. குறிப்பாணைக்கு முன் நடந்த முதற்கட்ட விசாரணையில் சாட்சிகள் கொடுத்த வாக்குமூலங்களை மறக்காமல் கேளுங்கள். சாட்சி அன்று ஒன்று சொல்லி இன்று வேறு சொன்னால், அதைக் காட்ட வேறு வழி இல்லை. இவற்றைத் தராமல் விசாரணை நடத்தியது தவறு என்று காசிநாத் தீட்சிதா வழக்கில் (1986) உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒவ்வொரு ஆவணத்துக்கும் எதிரே அது ஏன் தேவை என்று ஒரு வரி எழுதுங்கள். 'அனைத்து ஆவணங்களும் வேண்டும்' என்று மொத்தமாகக் கேட்டால் 'தொடர்பில்லாதவை' என்று மொத்தமாக மறுப்பது சுலபம். நகல் தர மறுத்தால், நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்க அனுமதி கேளுங்கள். போகும்போது பக்க எண், கோப்பு எண், கையொப்பம், தேதி ஆகியவற்றை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டும் சில ஆவணங்களைப் பெறலாம். ஆனால் 30 நாள் காத்திருக்க நேரும். அதை விசாரணை அலுவலரிடம் கேட்பதோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும். சட்டப்படி வேறு வழியில் வாங்கிக்கொள்ளட்டும் என்று அவர் கைகழுவ இடம் தரக்கூடாது.

4. விசாரணை அலுவலர் யார்?

உங்கள் மேல் புகார் எழுதியவரோ, அந்தச் சம்பவத்தில் சாட்சியாகக் கூடியவரோ விசாரணை அலுவலராக வந்தால், முதல் அமர்வுக்கு முன்பே அவரை மாற்றக் கோரி எழுதுங்கள். முகமது நூ வழக்கில் (1957) விசாரணை நடத்திய அதிகாரியே எழுந்து சாட்சியும் சொல்லிவிட்டு மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இரண்டு அமர்வு முடிந்து, சாட்சியம் உங்களுக்குப் பாதகமாகப் போன பிறகு 'அவர் ஒருதலைப்பட்சமானவர்' என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வெறும் சந்தேகத்துக்காக இதைச் செய்ய வேண்டாம். 'அவர் கண்காணிப்பாளருடன் சேர்ந்து தேநீர் குடிக்கிறார்' என்பது காரணம் ஆகாது. அரசு அலுவலகங்கள் நிறைந்த சேப்பாக்கத்தில் எல்லோரும் எல்லோருடனும் தேநீர் குடிக்கிறார்கள்.

5. ஒரு சாட்சிக்கு ஒரு தாள்

ஒவ்வொரு சாட்சிக்கும் தனித்தாள் எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் அவர் எனக்கு எதிராக எதைச் சொல்லப்போகிறார் என்பது. வலப்பக்கம் அவர் வாயிலிருந்து எனக்கு எந்த உண்மை வேண்டும் என்பதும், அதற்கான ஆவணத்தின் பக்க எண்ணும். வலப்பக்கம் காலியாக இருந்தால் அந்தச் சாட்சியிடம் கேட்க ஒன்றுமில்லை என்று பொருள். அவர் உங்களுக்கு எதிராக எதுவும் சொல்லாமல் போனால் 'குறுக்கு விசாரணை இல்லை' என்று சொல்லி அமருங்கள். வந்ததற்காக எதையாவது கேட்க வேண்டும் என்ற நினைப்பு ஆபத்தானது.

ஆவணங்களை மூன்று படிகள் ஜெராக்ஸ் எடுங்கள்: அலுவலருக்கு, சாட்சிக்கு, உங்களுக்கு. ஒரே நகலை மூவரும் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது சாட்சிக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது.

6. விசாரணை நாளில் வரிசை

முதலில் துறைத் தரப்பு சாட்சிகள். அவர்கள் ஒவ்வொருவரின் முதல் விசாரணை (அவரை அழைத்த தரப்பே கேட்கும் கேள்விகள்) முடிந்ததும் உங்கள் குறுக்கு விசாரணை. அதன் பிறகே உங்கள் சாட்சிகளும் நீங்களும். சில அலுவலர்கள் நீங்கள் நுழைந்ததும் 'நீங்களே சொல்லிவிடுங்கள், என்ன நடந்தது?' என்று தொடங்குவார்கள். நட்பாகத்தான் கேட்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரை முதலிலேயே கேள்வி கேட்டுத் தொடங்குவது நியாயமல்ல என்று அசோசியேட்டட் சிமெண்ட் வழக்கிலேயே (1963) சொல்லப்பட்டுவிட்டது. 'சாட்சிகளின் விசாரணை முடிந்தபின் என் வாக்குமூலம் தருகிறேன் ஐயா' என்று பணிவாகச் சொல்லுங்கள்.

சாட்சி உங்கள் முன்னிலையில்தான் பேச வேண்டும். பழைய வாக்குமூலத்தையே படித்துக்காட்டி 'இது என்னுடையதுதான்' என்று ஒப்புக்கொள்ளச் செய்வதை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் அதன் நகல் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும், குறுக்கு விசாரணைக்கும் வாய்ப்பு வேண்டும். அன்று காலைதான் நகலை நீட்டினார்கள் என்றால், படித்துத் தயாராக ஒரு நாள் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

உடல்நிலை சரியில்லையென்றால் முன்கூட்டியே மருத்துவச் சான்றோடு கடிதம் அனுப்புங்கள். தெரிவிக்காமல் வராமல் இருந்தால், நீங்கள் இல்லாமலே விசாரணையை முடிக்க அவர்களுக்கு நீங்களே காரணம் தருகிறீர்கள்.

7. குறுக்கு விசாரணை

முதலில் ஒரு தெளிவு. அங்கே யாரையும் பேசி மடக்கத் தேவையில்லை. விசாரணை அலுவலருக்கு மேலே அந்தக் கோப்பைப் படிக்கப்போகிறவர் உங்கள் குரலைக் கேட்கப்போவதில்லை. அவர் பார்ப்பது தட்டச்சு செய்த பதில்களை மட்டும். ஆகவே ஒவ்வொரு கேள்வியும் தாளில் உங்களுக்குச் சாதகமான ஒரு வரியை விட்டுச்செல்ல வேண்டும்.

என் விசாரணையையே சொல்கிறேன். ஜூன் 3 அன்று வந்த மனுவை ஜூலை 20 வரை 47 நாட்கள் நடவடிக்கையின்றி வைத்திருந்தேன் என்பது குற்றச்சாட்டு. சாட்சி, என் கண்காணிப்பாளர். தன்பதிவேட்டின் நகல் என் கையில். கேள்விகள் இப்படிப் போயின:

கேள்வி: தன்பதிவேட்டைக் குறித்த இடைவெளியில் பார்வையிட்டுக் கையொப்பமிடுவது உங்கள் பணியா?
பதில்: ஆம்.
கேள்வி: இது ஜூன் மாதப் பக்கம். கீழே உள்ள கையொப்பம் உங்களுடையதா?
பதில்: ஆம்.
கேள்வி: இந்த மனுவுக்கு எதிரே 'ஜூன் 11, மேலனுப்பப்பட்டது' என்று இருக்கிறதா?
பதில்: இருக்கிறது.
கேள்வி: கையொப்பமிடும்போது அந்தப் பதிவு தவறு என்று நீங்கள் குறிப்பு எழுதினீர்களா?
பதில்: இல்லை.

அங்கே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. வெற்றி தலைக்கேறி, 'அப்படியானால் என் மேல் ஏன் புகார் எழுதினீர்கள்?' என்று கேட்டேன். அவர் மூச்சு விட்டுக்கொண்டார். 'பதிவேட்டில் எழுதிவிட்டுக் கோப்பைத் தன் மேசையறையிலேயே வைத்திருந்தார். இரண்டு முறை கேட்டும் தரவில்லை' என்றார். முதல் விசாரணையில் அவர் சொல்லாதது அது. என் கேள்விக்குப் பதிலாக, என் கையாலேயே, பதிவில் ஏறியது. பின்னால் விசாரணை அறிக்கையில் மேற்கோள் காட்டப்பட்டதும் அந்த ஒரு பதில்தான்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்டவை இவை. 'ஏன்', 'எப்படி', 'விளக்குங்கள்' என்ற சொற்களைக் குறுக்கு விசாரணையில் பயன்படுத்த மாட்டேன். அவை சாட்சியைப் பேச அழைக்கும் சொற்கள். பதில் 'ஆம்', 'இல்லை' என்று முடியும்படி, பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பேன். முதல் விசாரணையில் இதற்கு ஆட்சேபம் எழும், குறுக்கு விசாரணையில் இது அனுமதிக்கப்பட்டது. ஒரு கேள்வியில் ஒரே ஒரு செய்தி. 'நீங்கள் அன்று அலுவலகத்துக்கு வந்து என்னைப் பார்த்துக் கோப்பைக் கேட்டீர்களா?' என்பதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. 'இல்லை' என்று பதில் வந்தால் எது இல்லை என்று யாருக்கும் தெரியாது.

நேரில் பார்த்தாரா, கேட்டுச் சொல்கிறாரா என்பதை எந்தச் சாட்சியிடமும் கேட்கலாம். 'அந்தப் பணம் கைமாறியதை நீங்கள் பார்த்தீர்களா?' 'இல்லை.' போதும். ஆனால் கேள்விப்பட்ட சாட்சியம் என்பதாலேயே எல்லாம் விழுந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நடத்துநர் ரத்தன் சிங் வழக்கில் (1977) சாட்சியச் சட்டத்தின் கண்டிப்பான விதிகள் துறை விசாரணைக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே இங்கே அளவுகோல். குற்றவியல் வழக்குபோல 'ஐயத்தின் பலன் எனக்கு' என்று இங்கே நிற்க முடியாது.

ஆவணத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் சாட்சியிடம், அதை எழுதியது அவரா, எழுதியபோது உடன் இருந்தாரா என்று கேளுங்கள். ரூப் சிங் நேகி வழக்கின் (2009) சாரம் இதுதான்: ஆவணத்தை மேசையில் வைத்தால் மட்டும் போதாது, அதில் உள்ளதை அறிந்த ஒருவர் மூலம் மெய்ப்பிக்க வேண்டும்.

முரண்பாட்டைக் காட்டும்போது அவசரப்படாதீர்கள். முதலில் இன்று சொன்னதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு பழைய வாக்குமூலத்தின் கையொப்பத்தைக் காட்டி அவருடையதுதானா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு அந்த வரியைப் படியுங்கள். வரியை முதலில் படித்துவிட்டால் அதற்கேற்ப இன்றைய பதிலை அவர் வளைத்துக்கொள்வார்.

கடைசியாக, உங்கள் தரப்புக் கதையைச் சாட்சியின் முன் வைக்க வேண்டும். நீதிமன்றத் தாள்களில் 'நான் பகைமை காரணமாகப் பொய் சொல்கிறேன் என்றால் அது சரியல்ல' என்பது போன்ற வாக்கியங்களைப் பார்த்திருப்பீர்கள். சாட்சி மறுக்கத்தான் போகிறார். இருந்தும் கேட்கிறோம், ஏனென்றால் கேட்காமல் விட்டுப் பிறகு வாதத்தில் முதன்முறையாகச் சொன்னால் 'பின்யோசனை' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

சாட்சி நேற்றுவரை உங்கள் மேலதிகாரி. இன்றும் 'ஐயா' என்றே கேளுங்கள். குரல் உயர்ந்தால் அலுவலரின் கவனம் உங்கள் கேள்வியிலிருந்து உங்கள் நடத்தைக்குப் போய்விடும்.

8. கேள்வி மறுக்கப்பட்டால்

'இந்தக் கேள்வி தேவையில்லை' என்று அலுவலர் சொன்னால் வாதாட வேண்டாம். கேள்வியையும் மறுத்ததையும் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பதிய மறுத்தால், அன்று மாலைக்குள் ஒரு கடிதம் எழுதித் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்புங்கள்.

அந்தக் கடிதத்தில் 'இயற்கை நீதி மீறப்பட்டது' என்று மட்டும் எழுதுவது வீண். பாட்டியாலா ஸ்டேட் வங்கி எதிர் எஸ்.கே.சர்மா வழக்கிற்குப் (1996) பிறகு, நீதிமன்றம் பெரும்பாலும் முதலில் தேடுவது நடைமுறைக் குறையால் உங்களுக்கு நேர்ந்த பாதிப்பைத்தான். ஆகவே இப்படி எழுதுங்கள்: 'ஜூன் மாதத் தன்பதிவேடு தரப்படாததால், மனு மேலனுப்பப்பட்ட தேதியைப் பற்றி இரண்டாம் சாட்சியிடம் கேட்க இயலவில்லை.'

9. கையெழுத்திடும் முன்

வாக்குமூலத்தை வரி வரியாகப் படியுங்கள். மாலை ஐந்தே முக்காலுக்கு எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு நிற்கும்போது, 'சார், சம்பிரதாயம்தான்' என்று தாளை நீட்டுவார்கள். படித்துவிட்டே போடுங்கள். 'இல்லை' என்ற பதில் 'நினைவில்லை' என்று மாறியிருப்பதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். தீய எண்ணம் இருக்க வேண்டியதில்லை, தட்டச்சு செய்பவர் களைத்திருப்பார். திருத்தத்தை ஓரத்தில் எழுதி, அலுவலரும் சாட்சியும் நீங்களும் சுருக்கொப்பம் இடுங்கள். நகலை அன்றே கேளுங்கள்.

10. உங்கள் சாட்சிகள்

உங்கள் சாட்சியை அழைக்க அலுவலர் மறுக்கலாம். ஆனால் அதற்குத் தகுந்த காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று விதி சொல்கிறது. அதனால் பெயரோடு, அவர் எதைப் பற்றிச் சொல்வார் என்பதையும் எழுதிக் கொடுங்கள். உடன் பணியாற்றுபவர்கள் தனியே பேசும்போது தைரியமாக இருப்பார்கள், அழைப்பு வந்ததும் விடுப்பில் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆளை நம்புவதைவிடப் பதிவேட்டை நம்புவது நல்லது என்று மட்டும் சொல்வேன்.

11. அறிக்கை வந்த பிறகு

விசாரணை அறிக்கையின் நகலைத் தராமல் தண்டிக்க முடியாது. கருணாகர் வழக்கில் (1993) உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு இதை முடிவுசெய்துவிட்டது. அறிக்கையோடு வரும் கடிதத்தில் பதில் தர ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டாதீர்கள்.

பதிலில் உங்கள் கதையை மறுபடி சொல்ல வேண்டாம். அறிக்கையின் ஒவ்வொரு முடிவையும் எடுத்து, அதற்கு எதிராகச் சாட்சியத்தில் உள்ள வரியைப் பக்க எண்ணோடு காட்டுங்கள்: 'அறிக்கை, பத்தி 6: மனு மேலனுப்பப்படவில்லை. முதல் சாட்சியின் குறுக்கு விசாரணை, பக்கம் 3: ஜூன் 11 பதிவு இருப்பதையும், அது தவறு என்று தாம் குறிப்பு எழுதவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டுள்ளார். அறிக்கை இதைப் பரிசீலிக்கவில்லை.' நீங்கள் மறுப்புத் தெரிவித்துக் கொடுத்த கடிதங்களின் முத்திரையிட்ட நகல்களையும் இணையுங்கள். பின்னால் மேல்முறையீட்டுக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போக நேர்ந்தால், அங்கே சாட்சியத்தை முதலிலிருந்து மறுபடி எடைபோட மாட்டார்கள். நீங்கள் அன்றன்று எழுதி முத்திரை வாங்கிய தாள்களைத்தான் கேட்பார்கள்.